பதினாறாவது நகர்த்தலில் நில்லுங்கள்

விஸ்வநாதன் ஆனந்த் ஐந்து முறை உலக சாம்பியன், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவருடைய ஒரே ஒரு ஆட்டத்தையாவது பலகையில் வைத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸேயில், லெவோன் அரோனியனுக்கு எதிராக அவர் கறுப்பில் ஆடிய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 23 நகர்த்தல்கள். செல்போன் வேண்டாம், காய்களைக் கையால் நகர்த்துங்கள்.

முதல் பதினொன்றை வேகமாகக் கடக்கலாம். 12-ல் ஆனந்த் ஒரு சிப்பாயைத் தள்ளுகிறார். அதுவரை அதன் பின்னால் அடைபட்டிருந்த பிஷப், மூலைக்கு மூலை வெள்ளை ராஜாவின் வீட்டைப் பார்க்கிறது. அடுத்து அரோனியனின் குதிரை கறுப்பு ராஜாவின் காவல் சிப்பாயை வெட்டுகிறது. அந்தக் குதிரையை ஆனந்த் அப்போது தொடவே இல்லை. தன் குதிரையை முன்னே அனுப்புகிறார்.

16-ல் இன்னொரு குதிரையை இரண்டு வெள்ளைச் சிப்பாய்களின் வாயில் கொண்டுபோய் வைக்கிறார். இங்கே நில்லுங்கள். இரண்டு குதிரைகள், ஒரு பிஷப், ஒரு யானை: நான்கு கறுப்புக் காய்கள் வெட்டுக்குக் கிடக்கின்றன! ராஜா பக்கத்துச் சிப்பாயால் புதுக் குதிரையை வெட்டிப் பாருங்கள். கறுப்பு ராணி நடுச் சிப்பாயை வெட்டிச் செக் வைக்கும். ராஜா மூலைக்கு ஒதுங்கும். ராணி அதன் பக்கத்திலேயே போய் உட்காரும். பிஷப்பின் காவல் இருப்பதால் ராஜா வெட்ட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். தன் யானையே வழியை அடைக்க, குதிரை மேட் வைத்துவிடும். பலகையில் இது நிகழவில்லை, அரோனியன் பார்த்துவிட்டார். ஆனால் நிகழாத இந்த ஆட்டத்தைக் காணாமல் நிகழ்ந்ததை ரசிக்க முடியாது. எனக்கு இதுதான் ஆனந்தின் உச்சம்.

கடைசி நகர்த்தலில் கறுப்பு பிஷப் வெள்ளை ராணியின் பார்வையை மறித்து நிற்கிறது. அரோனியன் கைகொடுத்துவிட்டார். ஆறு வயதில் அம்மா சுசீலாவிடம் காய் நகர்த்தக் கற்று, சென்னை டால் செஸ் கிளப்பில் பிளிட்ஸ் ஆடி வளர்ந்த ஆனந்துக்கு அப்போது வயது 43.

காய்களை மறுபடி அடுக்குங்கள். 1907-ல் லோட்ஸ் நகரில் ரோட்லேவியை ரூபின்ஸ்டீன் கறுப்பில் வென்ற ஆட்டத்தை வையுங்கள். அங்கும் அதே இரண்டு பிஷப்புகள், அதே குதிரை.