மருமக்கள்வழி தெரியாத மரபணு

மார்பகப் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளில் அடிக்கடி பார்க்கிற வரி: அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இருந்தால் கவனமா இருங்க. தப்பில்லை. ஆனா பாதி உண்மைதான்.

நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் ஒருகாலத்தில் மாமன் சொத்து மருமகனுக்குப் போச்சு. கவிமணி மருமக்கள்வழி மான்மியத்தில் அதைக் கிண்டலடித்தார். 1926-ல் சட்டமும் மாறியது. 1994-ல் கண்டறிந்த பிஆர்சிஏ1 மரபணுவுக்கும், அடுத்த வருஷம் கண்டறிந்த பிஆர்சிஏ2-க்கும் இந்த வழியெல்லாம் தெரியாது. அதில் பழுது இருந்தால், அப்பாவிடமிருந்தானாலும் அம்மாவிடமிருந்தானாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வந்துசேர 50 சதவீத வாய்ப்பு. பழுதைச் சுமக்கிற அப்பாவுக்குப் பெரும்பாலும் மார்பில் நோய் வராது. அதனால்தான் அந்தக் கிளை யார் கண்ணிலும் படுவதில்லை.

நோயாளிகளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் பரம்பரைக் காரணம். எல்லாரும் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். ஆனா குடும்பத்துல யாருக்காவது உண்டான்னு டாக்டர் கேட்டால், அம்மா, சித்தியோடு நிறுத்தாதீங்க. சின்ன வயசிலேயே மார்பில் கட்டி வந்து போன அத்தை, சினைப்பைப் புற்றுநோய் வந்த அப்பாவோட அம்மா, எல்லாரையும் சொல்லுங்க.

துண்டறிக்கை அச்சடிக்கிறவங்க அந்த வரியில் 'அத்தை' என்று ஒரு சொல் சேர்க்கலாம். செலவொண்ணும் கூடாது.