தாமதத்தின் விலை: வீடியோ விளையாட்டு உற்பத்தி பற்றிய ஒரு நோக்கு

கலைப்படைப்பு ஒன்றினை அதன் உற்பத்திச் சூழலிலிருந்து பிரித்து நோக்குதல் முழுமையான மதிப்பீட்டுக்கு இட்டுச் செல்லாது என்பது திறனாய்வுலகில் நெடுங்காலமாக வற்புறுத்தப்பட்டுவரும் கருத்தாகும். நாவலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் இவ்வாறு நோக்கப் பழகிய திறனாய்வு, உலகெங்கும் கோடிக்கணக்கானோரின் ஓய்வு நேரத்தை ஆட்கொண்டுள்ள வீடியோ விளையாட்டை அவ்விதம் நோக்க இன்னமும் தயங்குகின்றது. இதன் விளைவாக, அவ்விளையாட்டுகள் பற்றிய பேச்சு பெரும்பாலும் வாங்குவோரின் முறைப்பாடாகவோ விற்போரின் விளம்பரமாகவோ முடிந்துவிடுகின்றது. குறித்த நாளில் விளையாட்டு வெளிவராதபோதும், வெளிவந்த விளையாட்டின் வழுக்களைக் களையவேண்டிய இற்றைப்படுத்தல் பிந்தும்போதும் இவ்விரு குரல்களும் உரத்து ஒலிக்கின்றன. வாங்கியவர் உருவாக்கியோரின் சோம்பலைச் சாடுகின்றார். நிறுவனமோ தரத்தின் பொருட்டே தாமதம் என்கின்றது. இரண்டு கூற்றுகளும் அடிப்படையான ஒரு வினாவை மறைத்துவிடுகின்றன. உற்பத்திக்குத் தேவைப்படும் காலத்துக்கு ஒரு விலையுண்டு. அவ்விலையைச் செலுத்துபவர் யார் என்பதே அவ்வினாவாகும்.

வீடியோ விளையாட்டின் ஆக்கச் செலவிற் பெரும்பகுதி மனித உழைப்புக்கான ஊதியமே. நிரலாளரும் ஓவியரும் இசைவல்லுநரும் எழுத்தாளரும் பரிசோதகரும் ஆண்டுக்கணக்கில் உழைத்த பின்னரே விற்கத்தக்க பண்டம் உருவாகின்றது. அதுவரை அப்பண்டத்தினால் வருவாய் இல்லை. ஊதியச் செலவு மட்டும் மாதந்தோறும் ஏறிக்கொண்டிருக்கும். எனவே ஒவ்வொரு மாதத் தாமதமும் மூலதனத்தின் மீது விழும் ஒரு சுமையாகும். நத்தார்க் காலச் சந்தை, முன்னரே பணம் செலுத்தப்பட்ட விளம்பரங்கள், பங்குதாரருக்குக் காட்டவேண்டிய காலாண்டுக் கணக்கு ஆகியன இச்சுமையை மேலும் பெருப்பிக்கின்றன. ஆக்கத்துக்குரிய காலமும் வணிகத்துக்குரிய காலமும் முரண்படும் இடத்திலேயே தாமதம் என்னும் பிரச்சினை பிறக்கின்றது.

இம்முரண்பாடு புதியதன்று. 1982 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'ஈ.ரி.' என்னும் திரைப்படத்தைத் தழுவிய விளையாட்டொன்றினை நத்தார்ச் சந்தைக்கு விட முனைந்தது. அதனை ஆக்கிய ஹவர்ட் ஸ்கொட் வோர்ஷோவுக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ ஐந்து வாரங்களே. விளையாட்டு குறித்த காலத்தில் வெளிவந்தது, ஆனால் தோல்வியுற்றது. விற்பனையாகாதும் திரும்பியும் வந்த விளையாட்டுப் பெட்டிகளின் ஒரு பகுதி, ஏனைய விளையாட்டுகளின் பெட்டிகளுடன் சேர்த்து, 1983 இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமகோர்டோ நகரிலே குப்பை மேட்டில் புதைக்கப்பட்டது. 2014 இல் அவ்விடம் அகழப்பட்டபோது அவை வெளிப்பட்டன. இங்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அக்காலத்து விளையாட்டு, விற்ற பின் திருத்தமுடியாத முடிந்த பொருளாகும். அவசரத்தின் நட்டம் வாங்கியவரைத் தாக்கியதோடு நில்லாது, உற்பத்தியாளரின் களஞ்சியத்துக்கே திரும்பி வந்தது. அந்த அச்சம் அவசரத்துக்கு ஓரளவு கடிவாளமாகவும் அமைந்தது.

இணையத்தினூடாகத் திருத்தங்களை அனுப்பும் வசதி இந்நிலையை மாற்றியது. விற்பனைக்குப் பின்னரும் பண்டத்தைச் செப்பனிடலாம் என்பது தன்னளவில் நன்மையே. ஆயினும் அதே வசதி, முற்றுப்பெறாத பண்டத்தை முழு விலைக்கு விற்கவும் வழிவகுத்தது. முன்னர் முதலிட்டவர் காத்திருந்தார். இப்பொழுது வாங்கியவர் காத்திருக்கின்றார். இற்றைப்படுத்தலின் தாமதம் என்பது, பொருளியல் நோக்கில், விற்பனைக்கு முன் நிகழ்ந்திருக்கவேண்டிய தாமதம் விற்பனைக்குப் பின் இடம்பெயர்ந்ததன் விளைவாகப் பல வேளைகளில் அமைகின்றது.

இவ்விடப்பெயர்வினைத் தெளிவாகக் காட்டும் படைப்பு போலந்தின் சீடி புரொஜெக்ட் நிறுவனம் உருவாக்கிய 'சைபர்பங்க் 2077' ஆகும். மைக் பொன்ட்ஸ்மித் 1988 இல் வெளியிட்ட மேசை விளையாட்டொன்றினைத் தழுவிய இப்படைப்பு 2012 இல் அறிவிக்கப்பட்டது. இதன் களம் நைட் சிற்றி என்னும் கற்பனை நகரம். அங்கு அரசின் இடத்தைப் பெருங்கம்பனிகள் பிடித்துக்கொண்டுள்ளன. மனித உடலின் உறுப்புகள் சந்தைப் பொருள்களாகிவிட்டன. கதையின் தலைமைப் பாத்திரமான வீ என்பவரின் மூளையிற் பொருத்தப்பட்ட சில்லு, இறந்துபோன ஒரு கலகக்காரனின் உள்ளத்தைச் சுமந்து வீயின் உள்ளத்தை மெல்ல மெல்ல அழிக்கின்றது. எஞ்சியிருக்கும் சிறிது காலத்தை நீட்டிக்கும் போராட்டமே கதை. சாவுக்குப் பின்னரும் வாழும் வாய்ப்பினை விற்கும் அரசாக்கா என்னும் கம்பனியே அக்காலத்தின் உடைமையாளராக நிற்கின்றது. மனிதனின் காலம் எவருக்குச் சொந்தமானது என்பதே இப்படைப்பின் உள்ளடக்கம் எனலாம். அதன் உற்பத்தி வரலாறும் இதே வினாவை எழுப்புவது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

விளையாட்டு 2020 ஏப்ரல் 16 இல் வெளிவருமென முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அத்திகதி செப்டெம்பர் 17 ஆகவும், நவம்பர் 19 ஆகவும், இறுதியில் டிசெம்பர் 10 ஆகவும் மாறியது. ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் மூலப்பிரதி ஆயத்தமாகிவிட்டதென அறிவித்த நிறுவனம், அம்மாத இறுதியிலேயே மூன்றாவது ஒத்திவைப்பினையும் அறிவித்தது. வெளியீட்டு நாளிலேயே வழங்கவேண்டிய இற்றைப்படுத்தலுக்குக் கூடுதல் காலம் தேவை என்பதே கூறப்பட்ட காரணம். அச்சுக்குச் சென்ற பிரதி முழுமையற்றது என்பதை இக்காரணம் தானாகவே ஒப்புக்கொள்கின்றது.

இத்தாமதங்களின் சுமை முதலில் உழைப்பாளர் மீது இறங்கியது. கட்டாய மிகைநேர உழைப்பினைத் தவிர்ப்பதாக 2019 இல் நிறுவனத் தலைமை பகிரங்கமாகக் கூறியிருந்தது. எனினும் 2020 செப்டெம்பர் இறுதியில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை கட்டாயமாக்கப்பட்டது. விளையாட்டுத் தொழிலில் 'கிரஞ்ச்' எனப்படும் இவ்வழக்கம் நீண்ட காலமாக நிலவுவது. போலந்துச் சட்டப்படி மேலதிக நேரத்துக்கு ஊதியம் உண்டு என்பதும், ஆண்டு இலாபத்தின் பத்திலொரு பங்கு பணியாளரிடையே பகிரப்படும் என நிறுவனம் சுட்டிக்காட்டியது என்பதும் மறுக்கற்பாலனவல்ல. ஆயினும் பணத்தால் ஈடுசெய்வதும் உழைப்பவர் தமது நேரத்தைத் தாமே தீர்மானிப்பதும் ஒன்றல்ல. திகதியை அறிவித்தவர் ஒருவர். அத்திகதிக்காக ஞாயிறு ஒன்றினை மட்டும் ஓய்வாகப் பெற்றவர் வேறொருவர்.

சுமையின் அடுத்த பகுதி வாங்கியோர் மீது இறங்கியது. வெளியீட்டுக்கு முன்னரே எண்பது இலட்சம் முன்பதிவுகள் சேர்ந்திருந்தன. ஆக்கச் செலவும் அவ்வாண்டின் விளம்பரச் செலவும் இணையவழி முன்பதிவு வருவாயாலேயே ஈடுசெய்யப்பட்டுவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. அதாவது, பண்டத்தைக் கண்ணாற் காணுமுன்னரே வாங்குவோர் முதலீட்டாளரின் ஆபத்தினைத் தம்மீது ஏற்றுக்கொண்டனர். இலாபத்தில் மட்டும் அவர்களுக்குப் பங்கில்லை. முன்கூட்டியே திறனாய்வாளருக்கு வழங்கப்பட்டவை கணினிக்குரிய பிரதிகளே. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய பழைய கருவிகளில் விளையாட்டு அடிக்கடி நின்றுபோவதையும் காட்சிகள் சிதைவதையும் வாங்கியோர் தாமே கண்டறிய நேர்ந்தது. அடுத்த வாரமே சொனி நிறுவனம் தனது இணையக் கடையிலிருந்து விளையாட்டினை நீக்கியது. 2021 ஜூன் மாதத்திலேயே அது மீண்டும் இடம்பெற்றது. இத்தனைக்கும் 2020 முடிவதற்குள் ஒரு கோடியே முப்பத்தேழு இலட்சம் பிரதிகள் விற்பனையாகியிருந்தன.

இதன் பின்னரே இற்றைப்படுத்தல்களின் தாமதம் தொடங்குகின்றது. 2021 பெப்ரவரியில் வரவேண்டிய 1.2 ஆம் திருத்தம், நிறுவனத்தின் கணினிகள் மீது நிகழ்ந்த இணையத் தாக்குதலின் காரணமாகவும் பணியின் விரிவு காரணமாகவும் மார்ச் இறுதிக்குப் பிந்தியது. புதிய கருவிகளுக்கான பதிப்பு 2021 இலிருந்து நழுவி 2022 பெப்ரவரியிலேயே வெளிவந்தது. வேலையாட்களைக் கூட்டினால் விரைவு கூடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பிந்திப்போன மென்பொருட் பணிக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பிந்தும் என்பதை பிரெட் புரூக்ஸ் 1975 இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். புதியவருக்குப் பழையவர் பணியைக் கற்பிக்கவேண்டும். தொடர்பாடலின் சுமை பெருகும். ஓரிடத்து வழுவைத் திருத்தினால் இன்னோரிடத்தில் வழு முளைக்கும். ஒவ்வொரு திருத்தமும் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியே பரிசோதிக்கப்படவேண்டும். ஆகவே திருத்தப் பணியின் தாமதத்துக்குச் சோம்பலைக் காரணங்காட்டுவது அவ்வுழைப்பின் இயல்பை அறியாமையே.

2023 செப்டெம்பரில் 2.0 ஆம் இற்றைப்படுத்தலும் 'பாந்தம் லிபர்ட்டி' என்னும் விரிவாக்கமும் வெளிவந்தன. ஆட்டமுறையின் பல கூறுகள் திருத்தி அமைக்கப்பட்டன; படைப்பு பெரிதும் செம்மையுற்றது. வீழ்ச்சியிலிருந்து மீண்டெழுந்த கலைஞரின் கதையாக இது பரவலாகப் பாராட்டப்பட்டது. பாராட்டு பொருத்தமற்றதன்று. நைட் சிற்றியின் தெருக்களும் மாந்தரும் முதலிலேயே கொண்டிருந்த உயிர்ப்பினை உணரத் தடையாக நின்றவை இப்போது பெருமளவு அகன்றன. ஆனால் இம்மீட்சியில் எவர் இடம்பெறவில்லை என்பதையும் திறனாய்வு கேட்டாகவேண்டும்.

முதலில் இடம்பெறாதோர் பழைய கருவிகளில் விளையாட்டினை வாங்கியவர்கள். அவர்களுக்குரிய இறுதிப் பெரும் இற்றைப்படுத்தல் 2022 செப்டெம்பரில் வந்த 1.6 ஆம் பதிப்பாகும். பின்வந்த 2.0 உம் விரிவாக்கமும் அக்கருவிகளுக்கு வழங்கப்படவில்லை. பழைய வன்பொருள் அவற்றைத் தாங்காது என்பது தொழில்நுட்ப அளவில் ஏற்கத்தக்கதே. ஆயின், தாங்காத கருவிக்கு விளையாட்டினை விற்றது எவ்வாறு நியாயமாகும் என்னும் வினா அப்பொழுதும் எஞ்சுகின்றது. மிகுதியாகப் பாதிக்கப்பட்டவரே மீட்சியின் பயனை முழுமையாகப் பெறவில்லை. இரண்டாமவர் பணியாளருள் ஒரு பகுதியினர். விரிவாக்கம் வெளிவருவதற்கு இரு மாதங்கள் முன்னர், 2023 ஜூலையில், ஏறத்தாழ நூறு பேரை, அதாவது பணியாளருள் ஒன்பது வீதத்தினரை, நீக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. அதனையடுத்துப் போலந்து விளையாட்டுத் தொழிலாளர் தமக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்தனர். மீட்சியின் வரலாற்றிலே 2.0 ஆம் பதிப்புக்குத் தரப்படும் இடம் இச்சங்கத்துக்கும் தரப்படவேண்டும்.

தாமதம் எங்கும் இவ்வாறே அமையும் எனக் கொள்வது தவறாகும். அமெரிக்காவைச் சேர்ந்த எரிக் பரோன் தனியொருவராக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016 பெப்ரவரியில் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வெலி' என்னும் பண்ணை விளையாட்டு இதற்கு எடுத்துக்காட்டு. அதன் 1.6 ஆம் இற்றைப்படுத்தல் கணினிகளுக்கு 2024 மார்ச்சில் கிடைத்தது. கொன்சோல்களுக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் நவம்பரிலேயே கிடைத்தது. காத்திருந்தோர் முணுமுணுத்ததுண்டு. எனினும் அவர்கள் ஏற்கெனவே பெற்றிருந்தது முழுமையான விளையாட்டு. காத்திருந்தது இலவசமான மேலதிகப் பகுதிக்கு. தாமதத்தை விதித்தவரும் அதன் உழைப்பினைச் சுமந்தவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருந்தனர். ஆயினும் இதனைப் பொது வழியாக முன்வைத்தல் இயலாது. கோடிக்கணக்கான பிரதிகள் விற்ற பின்னர் கிட்டும் சுதந்திரம் அது. ஊதியமின்றிக் கழிந்த முதல் ஆண்டுகளில் பலர் முயற்சியைக் கைவிட நேர்வதே வழக்கம்.

மறுபுறத்தில், தாமதமின்மையும் விலையற்றதன்று. எபிக் நிறுவனத்தின் 'ஃபோர்ட்நைட்' ஓயாது புதுப்பிக்கப்படுவதால் பெரும் புகழ் பெற்றது. அவ்வேகத்தைக் காப்பதற்கு வாரத்துக்கு எழுபது மணித்தியாலங்களுக்கு மேல் உழைத்ததாக அங்கு பணியாற்றிய சிலர் கூறியமை 2019 இல் வெளியாயிற்று. குறித்த நாளில் வந்துசேரும் இற்றைப்படுத்தலைக் கண்டு மகிழ்பவருக்கு இவ்விலை தென்படுவதில்லை.

இவற்றை நோக்குமிடத்து, திறனாய்வுக்குரிய பணி ஒன்று தெளிவாகின்றது. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர் பாடவேறுபாடுகளைக் குறித்து வைத்தனர். எந்தப் பிரதியைக் கொண்டு எதனைக் கூறுகின்றனர் என்பது வாசகருக்குத் தெரிந்தது. இற்றைப்படுத்தலோ முன்னைய பாடத்தின் மேலேயே புதிய பாடத்தை எழுதிவிடுகின்றது. இறுதிப் பதிப்பினை மட்டும் மதிப்பிடுபவர், அறியாமலே, அதற்குள் புதைந்துள்ள காத்திருப்பையும் உழைப்பையும் அழித்துவிடுகின்றார். வெளியீட்டு நாளின் பதிப்பினை மட்டும் மதிப்பிடுபவரோ பின்வந்த உழைப்பினைப் புறக்கணிக்கின்றார். எந்தப் பதிப்பு, எந்தக் கருவியில், எந்த நாளில் என்று குறிப்பிட்டு மதிப்பிடுதலும், அப்பதிப்புக்கான காலத்தை எவர் கொடுத்தார் என்று வினவுதலும் இத்துறைத் திறனாய்வின் தொடக்க நிபந்தனைகளாக வேண்டும்.

'சைபர்பங்க் 2077' பெருங்கம்பனிகளின் ஆதிக்கத்தைக் கண்டிக்கும் படைப்பு. அக்கண்டனம் கலைநயத்தோடும் அமைந்துள்ளது. ஆயின் கதையில் வீ இழக்கும் காலத்துக்கு இரங்கும் நெஞ்சம், அக்கதையை ஆக்கியோர் இழந்த ஓய்வு நாள்களையும் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளது. அடுத்த முறை ஒரு விளையாட்டோ அதன் இற்றைப்படுத்தலோ பிந்துமென அறிவிக்கப்படும்போது, எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன்னர், யாருடைய நாள்கள் என்று கேட்பதே தகும்.