அம்புக்குப் பிறகு அரங்கேறிய இசை

ஆடி 17, 18 என்றால் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா. அரசே எடுத்து நடத்தும் விழா. காரவள்ளியில் தொடங்கி சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் கூட்டம் செம்மேட்டில் நிரம்பி வழியும். ஓரி சிலைக்கு மாலை, கலைநிகழ்ச்சிகள், வில்வித்தைப் போட்டி. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்தவன் இந்த மலையின் தலைவன் ஓரி என்பது அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தக் கதை வருவது புறநானூற்றின் 152ஆம் பாட்டில். வன்பரணர் பாடியது. ஆனால் அம்பு பாய்ந்து முடிவது அதன் தொடக்கத்திலேயே. பாட்டின் பெரும்பகுதி, அம்பைப் பார்த்து அசந்துபோன ஓர் இசைக்குழு அதே காட்டு வழியில் நடத்திய நிகழ்ச்சி. வில்லுக்குப் போட்டி வைக்கிறோம்; அந்த வாசிப்பை அலசுவார் இல்லை. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

எதிரே நிற்பவன் யாரென்று குழுவுக்கு உறுதியாகத் தெரியாது. கூலிக்கு வேட்டையாடுகிறவன் போல இல்லை, மார்பில் ஆரம் தொங்குகிறது, ஒருவேளை ஓரிதானோ என்ற ஐயம். அந்த நொடியில் குழுத் தலைவர் பாட முடிவெடுக்கிறார். முதலில் முழவுக்கு மண் பூசிச் சரிசெய்யச் சொல்கிறார். அடுத்து யாழைப் பண்ணுக்கு ஏற்ப நிறுத்தச் சொல்கிறார். யானையின் துதிக்கை போன்ற தூம்பு, எல்லரி, ஆகுளி ஆகியவை அதன்பின். கடைசியாகப் பதலை. அதில் ஒரு முகத்தை மட்டும், அதுவும் மெல்ல வாசிக்க வேண்டும் என்று தனிக் கட்டளை. பிறகு கரிய கோலைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறார்.

கணக்குப் பாருங்கள். ஆறு கருவிகளில் நரம்பு ஒன்று, காற்று ஒன்று, மீதி நான்கும் தோல். மேற்கத்திய சிம்பொனிக் குழுவில் வயலின் குடும்பம்தான் பெரும்படை. டிம்பனி பின்வரிசையில் இருக்கும். இங்கே அமைப்பு தலைகீழ். நான்கு தோல்கருவிகளும் முழு வீச்சில் முழங்கினால் ஒற்றை யாழும் பாடுகிறவரின் குரலும் காணாமல் போகும். பதலையை அடக்கி வாசிக்கச் சொன்னதன் தேவை அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒலிபெருக்கி இல்லாத வெட்டவெளியில், ஒத்திகைக்கு நேரமே இல்லாமல், ஒலிச் சமநிலையைத் தொடங்கும் முன்பே தீர்மானித்த தலைமை அது. பாட்டுக்குரிய 21 துறைகளையும் முறை பிசகாமல் பாடி முடித்து, 'கோ' என்று விளிக்கிறார்கள். அது தன்னைக் குறிக்கும் பெயர் என்பதால் ஓரி நாணுகிறான். வந்தவர்கள் வாய் திறந்து கேட்கும் முன்பே மான் இறைச்சி, மது, தன் மலையில் பிறந்த பொன், மணிகள் எல்லாம் அள்ளிக் கொடுக்கிறான். கேட்க ஒரே ஒருவன். ஆனால் முழுதாகக் கேட்டவன்.

அப்படிப்பட்ட கேட்பு இன்று நம்மிடம் எவ்வளவு இருக்கிறது? 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு வாசித்தது. நடத்துநர் மிகெல் டாம்ஸ். நான்கு பகுதிகள். நான்கும் முடியும் வரை கைதட்டாமல் இருப்பது அங்குள்ள வழக்கம். நம் ரசிகர்கள் முதல் பகுதி முடிந்ததுமே கைதட்டியதாக ஊர் திரும்பிய இளையராஜாவே மகிழ்ச்சியோடு சொன்னார். இதைச் சிலர் குறையாகப் பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1778இல் பாரிஸில் தன் சிம்பொனியின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டல் எழுந்ததை மொசார்ட் தன் அப்பாவுக்குப் பெருமையாக எழுதினார். 1813இல் வியன்னாவில் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்க வைத்தார்கள். இடையில் மௌனம் காப்பது பிற்பாடு வந்த பழக்கம். கைதட்டுவது தவறல்ல, வாசிக்கும்போது கைபேசியில் முகம் புதைப்பதுதான் தவறு.

கேட்கும் கூட்டம் தானாக உருவாகாது, சேர்க்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் 1837இல் ஓர் இசைச் சங்கம் தொடங்கினார்கள். 1865 முதல் அந்தச் சங்கமே பாஸ்டனில் ஆர்கெஸ்ட்ரா கச்சேரிகளை நடத்தியது. 1881இல் பாஸ்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா பிறந்தபோது, அதைக் கேட்கப் பழகிய ஒரு கூட்டம் அந்த ஊரில் இருந்தது. இந்தியாவிலும் மும்பையின் நிகழ்த்துகலை மையமான என்.சி.பி.ஏ.வில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா ஆண்டுதோறும் கச்சேரி செய்கிறது. இருபது பேர் சேர்ந்து டிக்கெட் எடுத்துப் போய்வர முடியாத தூரமில்லை.

நம் கல்லூரி, பல்கலைக்கழகப் பழைய மாணவர்கள் கொல்லிமலைக்கும் வருகிறார்கள். வேன் பிடித்து வருவார்கள், ஆகாய கங்கையில் குளிப்பார்கள், அறப்பளீசுவரரைக் கும்பிடுவார்கள், குழுப் படம் எடுப்பார்கள், இறங்கிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இசை கேட்க ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள் என்கிறேன். ஒன்றாகப் படித்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து கேட்டால், அவரவர் காதில் விழுந்ததைப் பேசியே திரும்பும் வழியின் 70 வளைவுகளையும் கடந்துவிடலாம்.

விழாக் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆடியில் செம்மேட்டில் வில்வித்தைப் போட்டி போலவே கூட்டிசைக்கும் ஒரு போட்டி வையுங்கள். ஆறு கருவிகள், ஒரு குரல் என்பதே விதியாக இருக்கட்டும். மலையிலுள்ள மேளக்காரர்களுக்கு முதல் அழைப்பு போகட்டும். பரிசுத் தொகையைப் பழைய மாணவர் சங்கங்கள் ஏற்றுக்கொள்ளலாம். ஆடிக்குள் ஏற்பாடு செய்யக்கூடிய காரியம்தான் இது.