நான்கு நிமிட ஆட்டத்துக்கு ஓர் ஏடு

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் லட்ஸ், ஃபிளிப் என்று இரண்டு தாவல்கள் உண்டு. இரண்டுக்கும் பின்னோக்கிச் சறுக்கி வந்து, ஒரு காலின் பிளேடு நுனியில் உள்ள பற்களைப் பனியில் குத்தித்தான் எழும்ப வேண்டும். வித்தியாசம் மற்றக் காலில் இருக்கிறது. நான்கு மில்லிமீட்டர் தடிமனே உள்ள அந்தப் பிளேடின் அடிப்பக்கத்தை நடுவில் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். அதனால் அதற்கு இரண்டு விளிம்புகள். வெளிவிளிம்பில் சாய்ந்து எழும்பினால் லட்ஸ், உள்விளிம்பில் சாய்ந்தால் ஃபிளிப். மூன்று சுற்று லட்ஸுக்கு அடிப்படை மதிப்பெண் 5.90, ஃபிளிப்புக்கு 5.30. லட்ஸில் கணுக்கால் கொஞ்சம் உள்ளே சரிந்தாலும் தொழில்நுட்பக் குழு குறி போட்டுவிடும்.

போடியில் இருந்துகொண்டு என் அக்கா மகள் நடத்தும் ரசிகர் பக்கத்தில் என்னைக் கட்டிப்போட்டது இந்த விளிம்புதான். பக்கம் தாரா பிரசாத்துக்கானது. தமிழ்நாட்டு வேர் கொண்ட குடும்பம், அமெரிக்காவில் பிறப்பு, இந்தியாவுக்காக ஆட்டம். அவர் ஆடிய ஒவ்வொரு தாவலின் கீழும் எந்த விளிம்பு, எத்தனை சுற்று, இறங்கிய கால் ஓடியதா நின்றதா என்று இரண்டு வரி இருக்கும். எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன். “கையப் பாக்காதீங்க மாமா, காலப் பாருங்க. குத்துறதுக்கு முன்னாடி கணுக்கால் எந்தப் பக்கம் சாயுதுன்னு மட்டும் பாருங்க” என்று வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டினாள். அதன்பிறகு என் கண் மேலே போவதே இல்லை.

ரசிகர் மன்றம் நம் ஊருக்குப் புதிதல்ல. போஸ்டர், கட்-அவுட், முதல் நாள் முதல் காட்சி எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஆரவாரத்தில் அன்பு நிறைய உண்டு. ஆனால் சினிமாவை நாளைக்கும் பார்க்கலாம். ஸ்கேட்டரின் நீள ஆட்டம் நான்கு நிமிடம், குறும் ஆட்டம் ஏறக்குறைய இரண்டே முக்கால் நிமிடம். ஒரு பருவம் முடிந்தால் பெரும்பாலும் அந்த இசையும் உடையும் அசைவுகளும் மாறிவிடும். வீடியோ மிஞ்சும், உண்மைதான். எங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்த வீடியோவும் ஊமை. ஜப்பானிய நட்சத்திரம் என்றால் எழுதப் பத்திரிகைகள் உண்டு. இந்திய ஸ்கேட்டருக்கு யார் இருக்கிறார்கள்? சிம்லாவில் 1920 முதல் இயற்கைப் பனித்தளம் இருக்கிறது, டேராடூனில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக ஓர் உள்ளரங்கு கட்டினார்கள். இருந்தும் இந்த விளையாட்டு நம் செய்தித்தாள்களில் ஒரு மூலைக்கு மேல் வளரவில்லை. அதனால்தான் இந்த ரசிகையின் வேலையைப் பொழுதுபோக்கு என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. வரலாற்றுக் குறிப்பு எழுதுகிறவரின் வேலை இது.

படம் தேர்ந்தெடுப்பதில்தான் கைத்திறன் முழுதும் தெரிகிறது. காற்றில் சுழலும்போது எடுத்த படம் அநேகமாக உதவாது. கைகள் மார்போடு இறுகி, கன்னம் இழுபட்டு, யாராக இருந்தாலும் முகம் கோணும். அவள் காத்திருப்பது இறங்கிய மறுகணத்துக்கு. எந்தத் தாவலானாலும் கடைசியில் பின்னோக்கிய வெளிவிளிம்பில்தான் இறங்க வேண்டும். அப்போது கைகள் விரியும், மற்றக் கால் பின்னால் நீளும், பிளேடின் கீழிருந்து பனித்தூள் மெல்லிய கீற்றாகக் கிளம்பும். தூள் குபீரென்று கிளம்பியிருந்தால் வேகம் செத்துவிட்டது என்று பொருள்; முகத்தில் சிரிப்பு இருந்தாலும் அந்தப் படத்தை அவள் ஒதுக்கிவிடுவாள். போடி ஏலக்காய் ஸ்டோரில் சல்லடை எட்டு மில்லிமீட்டர் என்று பிரித்துக் கொடுத்த காயையும் பெண்கள் மறுபடி கையால் பொறுக்குகிறார்களே, அந்தக் கண்தான் இது. எடுத்தவர் பெயர் தெரியாத படமும், அனுமதி கிடைக்காத படமும் அங்கே ஏறாது.

2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவில் எழுந்த நடுவர் ஊழலுக்குப் பிறகு, 2004இல் பழைய ஆறு மதிப்பெண் முறை போய்ப் புது முறை வந்தது. ரசிகருக்கு இது பெரிய கொடை. இப்போது போட்டி முடிந்ததும் விரிவான மதிப்பெண் தாள் வெளியாகிறது: ஒவ்வொரு அம்சத்துக்கும் அடிப்படை மதிப்பு, நடுவர்கள் கூட்டியதும் குறைத்ததும், தவறான விளிம்புக்கு ஒரு குறி, கால் சுற்று குறைந்தால் ஒரு குறி. அவள் ஆட்டத்தைப் பார்த்துத் தன் குறிப்பை முதலில் எழுதிவிட்டு, அதன்பிறகே தாளைத் திறக்கிறாள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் இரண்டையும் பதிகிறாள். மதிப்பெண் தாளைப் பார்த்து ரசனையை மாற்றிக்கொள்ளாத இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

விழுந்ததையும் அவள் மறைப்பதில்லை. இது ரசிகர்கள் பலருக்கும் வராத குணம். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஜப்பானின் மாவோ அசாடா குறும் ஆட்டத்தில் தடுமாறிப் பதினாறாம் இடத்துக்குப் போனார். மறுநாள் ராக்மானினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவுக்கு ஆடி, டிரிபிள் ஆக்சல் என்ற கடினமான தாவலையும் இறக்கி, நீள ஆட்டத்தில் 142.71 வாங்கினார், அதுவரை அவர் பெற்றதில் அதுவே உச்சம். கடைசியில் கிடைத்தது ஆறாம் இடம். பதக்கங்களை மட்டும் அடுக்கும் பக்கத்தில் அந்த இரவுக்கு இடமே இருக்காது. முதல் நாள் விழுந்ததை எழுதி வைத்தவருக்குத்தான் இரண்டாம் நாள் இசை முடிந்ததும் அசாடாவின் கண்ணில் நீர் ஏன் வந்தது என்று சொல்ல முடியும். தாரா 2025 ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டுகளில் எட்டாம் இடம் பிடித்ததையும் பக்கம் இதே நிதானத்தோடுதான் பதிந்திருக்கிறது. வாழ்த்து ஒரு வரி, ஆட்டம் ஒரு முழுப் பத்தி.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தாவல்களுக்கு இவ்வளவு எழுதுகிறவள் சுழற்சிகளை இரண்டு சொல்லில் கடந்துவிடுகிறாள். ஸ்கேட்டிங்கில் என் கண்ணுக்கு மிக அழகானது லேபேக் சுழற்சி. முதுகை வில்லாக வளைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஊன்றிய கால் இடம் பெயராமல் சுற்ற வேண்டும். அது நல்ல சுழற்சியா என்பதைப் பனியே காட்டும்: பிளேடு விட்ட கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்ன வளையங்களாகவே இருந்தால் மையம் நிலைத்தது, வரிசையாக நகர்ந்திருந்தால் இல்லை. கேமரா மேலிருந்து காட்டும்போது இதை எளிதாகப் பார்க்கலாம். “அத எப்படி மாமா ரெண்டு வரில எழுதுறது?” என்கிறாள். நான்கு வரியாகவே எழுதட்டும். வரும் பருவத்திலிருந்து சுழற்சிக்கும் தனி இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் சம்மதிக்கவில்லை, நானும் விடுவதாக இல்லை.