கோல்கீப்பர் வர்றார் பாருங்க!

2011 செப்டம்பர் 18, டப்ளின், குரோக் பார்க். அகில அயர்லாந்து கேலிக் கால்பந்து இறுதியாட்டம். 82,000 பேருக்கு மேல் கூடியிருந்த அந்த மைதானத்தில், நின்றுகொண்டேதான் பார்க்க முடியும் என்கிற ஹில் 16 பக்கம், டப்ளின் ரசிகர்களின் நீலச் சட்டைகளுக்கு நடுவே நானும் நின்றேன். இதை எழுதும்போதே கை நடுங்குது!

எதிரே யார் தெரியுமா? கெர்ரி! அதுவரை 36 முறை பட்டம் வென்ற மாவட்டம். டப்ளினுக்கோ 1995க்குப் பிறகு கோப்பையே இல்லை. 1977க்குப் பிறகு சாம்பியன்ஷிப்பில் கெர்ரியை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. 2009இல் இதே கெர்ரியிடம் 17 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கிய அணியை மேலாளர் பாட் கில்ராய் செங்கல் செங்கலாகக் கட்டி எழுப்பியிருந்தார். 2011 காலிறுதியில் டைரோனுக்கு எதிராக டப்ளின் அடித்த 22 புள்ளிகளும் தேன்! டோனிகாலுடனான அரையிறுதி 8-6 என்று கொஞ்சம் இழுவைதான், சரி, விடுங்க, ஜெயித்தோமே!

வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தால், அன்றைய விதிப்படி ஒரு புள்ளி. இதை மட்டும் மனசில் வச்சுக்கிட்டு, என்கூட வாங்க. இன்னும் ஏழெட்டு நிமிடம்தான். கெர்ரி நான்கு புள்ளி முன்னிலை. எனக்குத் தொண்டை வறண்டுபோச்சு. அப்போது மாற்று ஆட்டக்காரர் கெவின் மெக்மனமன் பந்தோடு பாய்கிறார், அடிக்கிறார், வலை குலுங்குது, கோல்! ஹில் முழுக்க ஒரே உறுமல், காலடியில் தரை அதிருது, கெவின் நோலன் தூரத்திலிருந்து ஒன்று அடித்துச் சமன் செய்கிறார், பெர்னார்ட் ப்ரோகன் இன்னொன்று, முன்னிலை! மூச்சு விடுவதற்குள் கெர்ரியின் டோனகி மறுபடியும் சமன்! 70 நிமிடம் தாண்டியாச்சு. டப்ளினுக்கு ஒரு ஃப்ரீ கிக். யார் அடிப்பது? கற்பனை செய்து பாருங்க, தன் கோலை அப்படியே விட்டுவிட்டு மைதானத்தின் மறுமுனைக்கு வருகிறார் கோல்கீப்பர் ஸ்டீபன் கிளக்ஸ்டன்! சம்பளம் வாங்கும் நட்சத்திரமில்லை ஐயா, பள்ளியில் அறிவியல் சொல்லித்தரும் வாத்தியார்; இந்த ஆட்டத்தில் யாருக்குமே சம்பளம் கிடையாது. பதினாறு வருஷத் தவிப்பு அத்தனையும் அந்த ஒரு மனுஷன் காலில்! பந்தை வைக்கிறார், நிமிர்ந்து கம்பத்தைப் பார்க்கிறார், இடது காலால் விடுகிறார், பந்து எழும்புது, வளையுது, எனக்குக் கண் இருட்டுது, நேரா, நேரா, கம்பங்களுக்கு நடுவே! பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவரைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன், அவரும் அழுதார், யார் யாரைத் தாங்கினோம் என்றே தெரியாது. கிளக்ஸ்டனோ துள்ளவில்லை, கத்தவில்லை, ஒன்றுமே நடக்காதது கணக்காகத் திரும்பித் தன் கோலுக்கு ஓடினார்!

டப்ளின் 1-12, கெர்ரி 1-11 (முதல் எண் கோல், அடுத்தது ஒற்றைப் புள்ளிகள்). ஒரே ஒரு புள்ளி! கேப்டன் பிரையன் கல்லன் சாம் மகுவயர் கோப்பையைத் தூக்கியபோது எனக்குக் குரலே போயிருந்தது.

இந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லையா? அந்த இறுதியாட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைத் தேடிப் பிடித்து, சத்தத்தை முழுசாக வைத்துப் பாருங்க. இன்றைக்கே பாருங்க!