இரட்சணிய யாத்திரிகத்தில் துன்பத்தின் நோக்கம்

ஜான் பன்யனின் ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவி, நெல்லைச் சீமையைச் சார்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. மூலக்கதையில் பயணியின் பாவச்சுமை சிலுவையடியில் நீங்கிவிடுகிறது. ஆயினும் கடின மலையும் தாழ்மையின் பள்ளத்தாக்கும் ஐயக் கோட்டைச் சிறையும் அதன் பின்னரே எதிர்ப்படுகின்றன. எனவே, இத்துன்பங்களைப் பாவத்தின் தண்டனையாகவோ மீட்பின் விலையாகவோ கொள்ள இயலாது. அவை மீட்கப்பட்டவரைப் பக்குவப்படுத்துவன. மூலத்தில் விரிவாக இடம்பெறாத கிறித்துவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை விரித்துப் பாடியிருப்பது இவ்விடத்தில் கருதத்தக்கது. மீட்பரே துன்புற்றவராதலின், அடியவரின் துன்பம் கைவிடப்பட்டமைக்கு அடையாளமாகாது. அவரோடு கொள்ளும் உறவாகிறது. ஆகவே, நோயுற்றோரையும் நலிந்தோரையும் நம்பிக்கை குறைந்தவர் எனப் பழிக்கும் போக்கிற்கு இக்காப்பியம் இடந்தரவில்லை எனலாம்.