‘இந்தியர்’ என்னும் கட்டத்துள் யார்?

நீளத்தையும் நிறையையும் அளக்கலாம். இனத்தையும் மொழியையும் அளத்தல் இயலாது. பெயரிட்டுப் பிரித்து எண்ணவே இயலும். ஆதலின் இவ்வகைத் தரவில் எண்ணுக்கு முன்னே பெயரை ஆராய்தல் வேண்டும். பள்ளிகளில் வட்டக் குறிவரைவு கற்பிக்குமிடத்து இவ்வுண்மை பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

1957ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சான்றாகக் கொள்வோம். மலாயாக் கூட்டரசின் மக்கள் 6,278,758 பேர். இவருள் இந்தியர் 696,186, அஃதாவது 11.1 விழுக்காடு. வட்டத்தில் இஃது ஏறத்தாழ 40 பாகை. ‘ஏனையோர்’ 123,342, வெறும் 7 பாகை. அச்சிறு கீற்றினுள் அடங்கியவர் யாவர்? ஐரோப்பியர், யுரேசியர், தாய்லாந்தினர் முதலியோருடன் இலங்கைத் தமிழரும் அதிலேயே வைத்து எண்ணப்பட்டனர். இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணியாற்றிப் பிரிக்பீல்ட்ஸில் வேரூன்றிய இலங்கைத் தமிழர் ‘ஏனையோர்’. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர் ‘இந்தியர்’. இருசாராரும் பேசியது தமிழே. 1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ இலங்கைத் தமிழர் ‘இந்தியர்’ பிரிவிற் சேர்க்கப்பட்டனர். பெயர்ப்பலகை மாறிய அளவிலேயே ஒரு பிரிவு சுருங்க, மற்றொன்று பெருத்தது.

அடுத்து நோக்கத்தக்கது, விழுக்காட்டின் அடித்தொகை. 2020ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியர் 6.7 விழுக்காட்டினர். 1957, 2020 ஆகிய இரண்டிற்கும் அருகருகே வட்டம் வரைந்தால், நம்மவர் தொகையே தேய்ந்துவிட்டதென மாணவர் கருதுவர். உண்மையில் 696,186 பேராக இருந்தவர் ஏறத்தாழ 20 இலட்சமாகப் பெருகியுள்ளனர். முன்னைய கணக்கு மலாயாவில் வாழ்ந்தோர் அனைவரையும் முழுமையாகக் கொண்டது. பின்னையது சபா, சரவாக் உட்பட மலேசியக் குடிமக்கள் 29.8 மில்லியன் பேரை மட்டும் முழுமையாகக் கொண்டது, குடியுரிமையற்ற 2.7 மில்லியன் பேர் அதில் இல்லை. பங்கு குறைந்தது மெய்யே. ஆயின் எவ்வளவு குறைந்தது என்பதை இவ்விரு எண்களை மட்டும் கொண்டு துணிதல் முறையன்று.

வில்லியம் பிளேபெயர் 1801இல் புகுத்திய வட்டப்படம், ஒரு முழுமையின் பங்குகளைக் காட்டவல்லது. வெவ்வேறு முழுமைகளை ஒப்பிட அது தக்க கருவியன்று. அதற்குத் தொகையையும் விழுக்காட்டையும் தனித்தனியே காட்டும் பட்டைக் குறிவரைவே ஏற்றது. எப்படமாயினும் அதன்கீழ் இரு வினாக்களுக்கு விடை எழுதச் செய்தல் ஆசிரியர் கடன்: இப்பெயருள் அடங்குவோர் யார்? இவ்விழுக்காடு எதனுடைய பங்கு?

கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் பங்கு கேட்போரும் மறுப்போரும் இவ்வெண்களையே எடுத்துக் காட்டுகின்றனர். அவற்றைப் படிக்கத் தெரியாத சமூகம், பிறர் சொல்லும் கணக்கையே தன் கணக்காக ஏற்க நேரும்.